சட்டையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்

என் தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஒரு ஆணி இருக்கிறது. துவைத்துத் தேய்த்த பிறகு ஒரு வெள்ளை லினன் சட்டையை அதில்தான் மாட்டுவேன். பாலக்காட்டில் நடைபாதையில் விரித்திருந்த பழந்துணிக் குவியலில் 120 ரூபாய்க்கு எடுத்த சட்டை. எடுக்கும்போது மூன்றாவது பட்டன் இல்லை, கசங்கிச் சுருண்டு கிடந்தது. வீட்டுக்காரர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை எதுக்கு எடுத்தே?" என்றார். நான் பதில் சொல்லாமல் சட்டையை உள்பக்கம் திருப்பிக் காட்டினேன். பக்கத் தையல் நெடுக, வெட்டு ஓரம் ஒரு நூல்கூட வெளியே தெரியாதபடி உள்ளே மடித்து இரண்டு தடவை அடித்திருந்தார்கள். வெட்டு ஓரத்தின்மேல் நூல் பின்னுகிற ஓவர்லாக் மெஷினில் ஓட்டி அவசரமாக முடித்த வேலை இல்லை அது. கீழ்மடிப்புக்கு உள்ளே ஓர் உதிரிப் பட்டன் தைத்தபடியே இருந்தது. அதைப் பிரித்து மூன்றாவது காஜாவுக்கு நேராக வைத்துத் தைத்தேன். நான்கு வருஷமாக அவர் கல்யாணம் காட்சிக்குப் போட்டுக்கொண்டு போவது அந்தச் சட்டைதான்.

என் தையல் கடைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு எங்கே வாங்கியது, எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்கிறார்கள். இப்படிப் பழசிலும் மிச்சத்திலும் நல்லதைத் தேடி மலிவாக வாங்குவதற்கு வயசுப் பிள்ளைகள் த்ரிஃப்ட் என்று பெயர் சொல்கிறார்கள். புதுசாக இறங்குகிறவர்களுக்காக எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம். இந்த எல்லைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் துணி விஷயத்தில் ஒரு பெரிய வசதி உண்டு. பாலக்காடு, பொள்ளாச்சி, கோவை மூன்றும் பஸ்ஸில் போய்த் திரும்புகிற தூரம். பாலக்காடு ஜங்ஷனில் ரயில் ஏறினால் கோவைக்கு அடுத்தாற்போல் திருப்பூர். மேற்கே திருவில்வாமலைப் பக்கம் போனால் குத்தாம்புள்ளி கைத்தறி. இவ்வளவையும் சுற்றி வைத்துக்கொண்டு, மாலில் போய் முழு விலை கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே மனசு கேட்பதில்லை.

முதலில் வகை தெரிய வேண்டும்

மலிவுத் துணி என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று சாதி உண்டு. ஒவ்வொன்றையும் பார்க்கிற விதம் வேறு.

ஒன்று, ஏற்றுமதி மிச்சம். திருப்பூர் கம்பெனிகள் வெளிநாட்டு ஆர்டருக்குத் தைக்கும்போது, சேதாரம் போனாலும் எண்ணிக்கை குறையக்கூடாது என்று கொஞ்சம் கூடுதலாகவே வெட்டித் தைப்பார்கள். அந்தக் கூடுதலும், பாதியில் ரத்தான ஆர்டரும் சர்ப்ளஸ் என்று வெளியே வரும். உருப்படி புதுசு, குறை இருக்காது. கழுத்தில் லேபிளைப் பாதியாக வெட்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் பிராண்ட் பெயர்மேல் கறுப்பு மை அடித்திருப்பார்கள். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

இரண்டாவது செகண்ட்ஸ். இதுவும் போடாத துணிதான், ஆனால் செக்கிங்கில் கழித்துவிட்டது. எங்கேயோ ஒரு குறை நிச்சயம் இருக்கும். அந்தக் குறை எது என்று கண்டுபிடிக்காமல் காசு கொடுக்கக் கூடாது. கண்டுபிடித்த பிறகு, அது நமக்குப் பெரிசா சிறிசா என்பது நம் முடிவு. கடைக்காரர் சர்ப்ளஸையும் செகண்ட்ஸையும் ஒரே குவியலில் கலந்து போட்டிருப்பார். பிரித்துப் பார்ப்பது நம் வேலை.

மூன்றாவது பழந்துணி, ஒருவர் போட்டுக் கழித்தது. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்து வாங்கிப் போகிறவர்கள் வழியாகவும் வரும், கப்பலில் மூட்டையாகவும் வரும். வெளிநாட்டுப் பழந்துணியை இறக்குமதி செய்ய அரசாங்க அனுமதி வேண்டும். குஜராத்தில் காண்ட்லா சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் அதைத் தரம் பிரிக்கிற கம்பெனிகள் இருக்கின்றன. கம்பளித் துணியில் கிழிந்ததும் கழித்ததும் ஹரியானாவில் பானிபட்டுக்குப் போய்ப் பஞ்சாகி, நூலாகி, போர்வையாக வரும். நம் ஊர் நடைபாதைக்கு வருகிற குவியலில் ஜாக்கெட், ஜீன்ஸ், கோட்டு எல்லாம் கலந்து கிடக்கும். தேடுகிற சுகம் அதிகம் இதில்தான், கவனமும் அதிகம் வேண்டும்.

கிளம்புவதற்கு முன்

இன்ச் டேப் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் சரியாகப் பொருந்துகிற ஒரு சட்டை, ஒரு பேண்டை எடுத்துத் தரையில் விரித்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சட்டைக்கு அக்குளிலிருந்து அக்குள் வரை அகலம், தோள், நீளம். பேண்டுக்கு இடுப்பு, தொடை, உள்கால் நீளம். உடம்பை அளப்பதைவிடப் பொருந்துகிற துணியை அளப்பதுதான் இந்த வேலைக்குச் சரி. நடைபாதையில் போட்டுப் பார்க்க இடம் கிடையாது, டேப் வைத்துத்தான் முடிவு எடுக்க வேண்டும்.

லேபிளில் இருக்கிற எக்ஸெல், டபுள் எக்ஸெல்லை நம்பாதீர்கள். ஐரோப்பாவுக்குத் தைத்த மீடியம் நம் ஊர் லார்ஜைவிடப் பெரிசாகவும் இருக்கலாம். இத்தாலிக்குத் தைத்ததென்றால் இறுக்கமாகவும் இருக்கலாம். குழந்தைத் துணியில் மட்டும் ஒரு நல்ல விஷயம். ஐரோப்பியக் குழந்தை சைஸ் 104, 110, 116, 122 என்று ஆறு ஆறாகக் கூடிக்கொண்டே போகும். அது குழந்தையின் உயரம், சென்டிமீட்டரில். 116 என்றால் ஏறக்குறைய ஆறு வயசு. குழந்தையைச் சுவரோரம் நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டு அளந்துகொண்டு போனால், குழந்தை இல்லாமலே துணி எடுத்துவிடலாம்.

இருட்டுகிற நேரத்தில் போகாதீர்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எண்ணெய்க் கறையும் தெரியாது, சாய வித்தியாசமும் தெரியாது. காலையில் போங்கள்.

எங்கே போவது

பனியன் துணி, டி-ஷர்ட், டிராக், குழந்தைத் துணி, நைட் பேண்ட் இதற்கெல்லாம் திருப்பூர் காதர்பேட்டை. ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். மொத்த வியாபாரக் கடைகள் நிறைய, சில்லறையாகவும் பலர் கொடுப்பார்கள். கேட்டுவிட்டு உள்ளே நுழையுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் நெரிசல் தாங்காது. முதல் தடவை போகிறவர்கள் சாதாரண வாரநாளில் போய், ஒன்றும் வாங்காமல் ஒரு சுற்று சுற்றி விலை கேட்டுக்கொண்டு வரலாம்.

சில கடைகளில் கிலோ கணக்கு. அங்கே மனக்கணக்கு தெரிய வேண்டும். பெரியவர்கள் போடுகிற நடுத்தர எடை டி-ஷர்ட் ஒன்று 150 முதல் 180 கிராம் இருக்கும், ஆகக் கிலோவுக்கு ஐந்து, ஆறு உருப்படி. கிலோ 420 ரூபாய் என்று சொன்னால் ஒன்று 70 ரூபாயில் விழுகிறது என்று உடனே கணக்குப் போட்டுப் பக்கத்துக் கடையின் ஒற்றை விலையோடு ஒப்பிடுங்கள். ஹூடி மாதிரி கனத்த துணியைக் கிலோவில் எடுத்தால் நமக்கு நஷ்டம், குழந்தைத் துணியைக் கிலோவில் எடுத்தால் லாபம்.

ஆடித் தள்ளுபடி கோவையில் களைகட்டும் நேரம் இங்கே கர்க்கடகம். இரண்டும் ஒரே மாசம்தான், ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. அடுத்த மாசமான சிங்ஙம் பிறந்து ஓணம் நெருங்கினால் இந்தப் பக்கம் விலை ஏறும். அதனால் ஓணத்துக்கு வேண்டியதை ஆடியிலேயே அந்தப் பக்கம் எடுத்துவிடுவது எங்கள் வழக்கம். பழந்துணி மட்டும் கர்க்கடகத்தில் எடுக்க மாட்டேன். மழையில் காயப்போட முடியாது, குவியலே ஈரம் கோத்துக் கிடக்கும். தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை வெயில் நின்று அடிக்கும்போது எடுப்பதுதான் உத்தமம்.

கையில் எடுத்ததும் என்ன பார்ப்பது

இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள். விலையைக் கேட்பதற்கு முன்னால், நிறத்தில் மயங்குவதற்கு முன்னால், உருப்படியை உள்பக்கம் திருப்புங்கள். வெளிப்பக்கம் கடைக்காரர் காட்டுவது. தைத்தவர் கை எப்படி என்பதை உள்பக்கம்தான் சொல்லும்.

தையலை எண்ணுங்கள். சட்டையில் ஓர் அங்குலத்துக்குள் பத்து தையலுக்கு மேல் விழுந்திருந்தால் நல்ல வேலை. ஏழு எட்டுதான் என்றால் நூல் சீக்கிரம் தளரும். பக்கத் தையலை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக விரித்துப் பாருங்கள். தையலுக்கு நடுவே பல்லிளித்தால் கீழே போட்டுவிடுங்கள். கட்டம் போட்ட சட்டை என்றால் பாக்கெட்டின் கட்டமும் மார்புக் கட்டமும் ஒன்றோடொன்று சேர்கிறதா பாருங்கள். கட்டம் சேர்த்துத் தைக்கத் துணி அதிகம் செலவாகும், அந்தச் செலவைச் செய்தவர் மற்றதிலும் குறை வைத்திருக்க மாட்டார்.

பனியன் துணியில் நான் முதலில் பார்ப்பது பக்கத் தையல் நேராக இறங்குகிறதா என்று. பல வருஷம் முன்னால் ஒரு கடையில் ஆறு டி-ஷர்ட் மொத்தமாக எடுத்தேன். நல்ல நிறம், விலையும் குறைவு. ஒரே துவைப்பில் அத்தனையும் முறுக்கிக்கொண்டு, இடுப்போரம் இருக்க வேண்டிய தையல் தொப்புளுக்கு வந்துவிட்டது. நூலில் இருந்த முறுக்கு தண்ணீர் பட்டதும் தளர்ந்து, துணியையே சாய்த்துவிட்டது என்று திருப்பூரில் செக்கிங் வேலை பார்த்த என் நாத்தனார் அப்புறம்தான் விளக்கிச் சொன்னாள். இதைக் கடையிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். டி-ஷர்ட்டைத் தோள் இரண்டும் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிடுங்கள். கீழ்ப்பக்கம் ஒரு புறமாக இழுத்துக்கொண்டு நின்றால் துவைத்த பிறகு இன்னும் இழுக்கும்.

அவள் சொல்லிக்கொடுத்த இன்னொன்று, துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பது. பனியன் துணி பின்னும்போது மெஷின் ஊசி உடைந்திருந்தால் மேலிருந்து கீழாகக் கோடு விழும், பின்னலில் கண் விட்ட இடத்தில் குண்டூசித் தலை அளவு ஓட்டை இருக்கும். அன்றைக்குச் சிறிசு, ஆனால் ஏணிப்படி மாதிரி இறங்கிக்கொண்டே போகும். அக்குள், தையலோரம் என்றால் அதே நிற நூலால் நாலு சுற்றுச் சுற்றி நிறுத்திவிடலாம். நெஞ்சு நடுவில் என்றால் வேண்டாம். மெஷின் எண்ணெய்க் கறை பெரும்பாலும் போகும். துணிக்குத் துணி சாயம் மாறி, முன்பக்கம் ஒரு நீலம் கை ஒரு நீலம் என்றிருந்தால் அதற்கு மருந்தில்லை.

கனத்தைக் கையால் பழக வேண்டும். ஜி.எஸ்.எம். என்று கடையில் பேசுவார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. 160 முதல் 180 வரை என்றால் தினசரி போட ஏற்ற டி-ஷர்ட். 140க்குக் கீழே உள்ளே போட்டது வெளியே தெரியும். இரண்டு மூன்று கடையில் ஜி.எஸ்.எம். கேட்டுக் கேட்டுக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே துணியைத் தேய்த்துப் பாருங்கள். நாளடைவில் விரலே சொல்லும்.

காட்டன் என்று சொல்லிக் கொடுத்தது காட்டன்தானா என்று சந்தேகமாக இருந்தால், வீட்டுக்கு வந்து உள்தையலில் தொங்குகிற பிசிறு நூல் ஒன்றை எடுத்து, இடுக்கியில் பிடித்துத் தட்டுக்கு மேலே கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கடினமான கறுப்பு மணியாக நிற்கும். பட்டும் கம்பளியும் முடி பொசுங்குகிற நாற்றம் அடிக்கும். நம்பி வாங்கிய கடையா இல்லையா என்று அடுத்த தடவைக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

பழந்துணிக்குத் தனிக் கவனம்

போட்ட துணி தேய்கிற இடங்கள் இன்னவை என்று உண்டு. சட்டையில் காலர் மடிப்பு, கைப்பட்டி ஓரம், அக்குள். பேண்டில் உள்தொடை, உட்காருகிற இடம், பாக்கெட் வாய். அந்த இடங்களை மட்டும் வெளிச்சத்தில் பாருங்கள், மற்றது தானாகத் தெரியும். அக்குளில் மஞ்சள் படிந்து விறைத்திருந்தால் எடுக்காதீர்கள். வியர்வையும் வாசனைப் பூச்சில் உள்ள அலுமினியமும் சேர்ந்து இறங்கிய கறை அது. பிளீச் போட்டால் இன்னும் மஞ்சளாகும். எலாஸ்டிக்கை இழுத்துக் காதருகே வையுங்கள், நறநறவென்று கேட்டால் செத்துவிட்டது. ஜிப்பை மூன்று தடவை ஏற்றி இறக்குங்கள். ஜிப் இழுப்பியில் ஒய்.கே.கே. என்று பொறித்திருந்தால் அது ஜப்பான் கம்பெனி ஜிப், பெரும்பாலும் நன்றாக உழைக்கும்.

தோல் மாதிரி இருக்கிற ஜாக்கெட் ஆசை காட்டும். மழைக்கோட்டும்தான். நிஜத் தோலா, மேலே பூசியதா என்று பாருங்கள். பூசியது என்றால் நம் ஊர் ஈரக்காற்றில் வருஷம் ஆக ஆகப் பூச்சு பொரிந்து உரியும். உள்பக்கத் தையலோரமும் கழுத்துப் பட்டியும்தான் முதலில் உரியத் தொடங்கும் இடம். நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். தவிடு மாதிரி உதிர்ந்தால் அது ஒரு சீசன்கூடத் தாங்காது.

சரிகைக் கரை போட்ட கேரளத்துக் கசவு முண்டு, செட் முண்டு பழசாக வந்தால் நான் மற்றதையெல்லாம் கீழே வைத்துவிடுவேன். கஞ்சி போட்டு மொடமொடவென்று அடுக்கியிருப்பார்கள். கஞ்சிக்கு நைந்த துணியையும் புதுசாகக் காட்டுகிற குணம் உண்டு. அதனால் ஒரு மூலையைக் கட்டைவிரலால் நன்றாகக் கசக்கிக் கஞ்சியை உதிர்த்துவிட்டு, பிறகு வெளிச்சத்தில் பிடித்து நூல் இடைவெளியைப் பாருங்கள். உடல் நைந்து கசவு மட்டும் நன்றாக இருந்தாலும் விடாதீர்கள். போன ஓணத்துக்கு முன்னால் அப்படி ஒன்று 80 ரூபாய்க்குக் கிடைத்தது. நடுவில் இரண்டு இடத்தில் கிழிசல். நாலு விரற்கடை அகலக் கசவை ஓரத்தோடு வெட்டியெடுத்து, வெள்ளைக் காடா ஜாக்கெட் கைக்கும் கழுத்துக்கும் வைத்துத் தைத்தேன். மீதியில் குழந்தைக்கு ஒரு பாவாடை. கசவு சரிகையின் ஓரத்தில் ஒரு இழையை நகத்தால் சுரண்டினால் உள்நூல் தெரியும். பழைய நல்ல சரிகையில் பட்டு நூலின்மேல் வெள்ளி சுற்றித் தங்கமுலாம் போட்டிருப்பார்கள், உள்ளே பெரும்பாலும் செந்நிற இழை தெரியும். பிளாஸ்டிக் சரிகை என்றால் பளபளப்பு படலமாக உரிந்து வெள்ளை நூல் தெரியும். இதைச் சொந்தத் துணியில் மட்டும் செய்யுங்கள், கடைக்காரர் துணியில் செய்யக் கூடாது.

ஒருவர் போட்ட உள்ளாடை, காலுறை, நீச்சலுடை இவற்றை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

பேரம்

அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் சேச்சி. எந்தப் பக்கமானாலும் வியாபாரிக்கும் ஒரு குடும்பம் உண்டு, மரியாதையாகப் பேசுங்கள். குறையைக் கண்டுபிடித்துவிட்டால் சத்தம் போடாமல் எடுத்துக் காட்டுங்கள். "அண்ணா, இங்க பாருங்க, கண்ணு விட்டிருக்கு. நான் தைச்சுப் போட்டுக்கறேன், பார்த்துப் போட்டுக் குடுங்க" என்றால் பெரும்பாலும் இறங்குவார்கள். ஒன்றாகக் கேட்பதைவிட ஐந்தாக எடுத்து மொத்த விலை கேளுங்கள். காலையில் முதல் போணி ஆகிற நேரத்தில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனால் மனசு சங்கடப்படுவார்கள். உங்களுக்கு வேண்டாம் என்று தெரிந்தால் கேட்கவே வேண்டாம். சில்லறை நோட்டாகக் கொண்டு போங்கள். மாற்றித் தர மாட்டார்கள், ஆகவே பார்ப்பதெல்லாம் அங்கேயே பார்த்துவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும்

பழந்துணி மூட்டையை நேராகப் படுக்கையறைக்குக் கொண்டு போகாதீர்கள். வாசலிலேயே உதறி, பாக்கெட்டெல்லாம் தட்டிவிட்டு, பருத்தித் துணியை வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவையுங்கள். 60 டிகிரி செல்சியஸ் என்றால் கை வைக்க முடியாத சூடு, அதைத் தாங்குகிற துணிக்கு மட்டும். இழுபடுகிற எலாஸ்டேன் நூல் கலந்ததும் கம்பளியும் அந்தச் சூட்டில் கெட்டுவிடும். சொறி சிரங்கு உண்டாக்குகிற பூச்சி மனுஷ உடம்பை விட்டு இரண்டு மூன்று நாளைக்கு மேல் பொதுவாகத் தங்காது. அதனால் வெந்நீரில் போட முடியாததைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் தனியாக வைத்துவிட்டு அப்புறம் துவையுங்கள். மூட்டைப்பூச்சி அப்படியல்ல, மாசக்கணக்கில் பட்டினி கிடக்கும். தையல் மடிப்புகளில் கறுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட வேண்டும். துவைத்த பிறகு உள்பக்கம் வெளியே தெரியும்படி நல்ல வெயிலில் போட்டு, தையலோரமெல்லாம் சூடாகத் தேய்த்துவிடுங்கள். பூஞ்சை வாசனை போகாவிட்டால் ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் ஓர் இரவு.

புதுப் பருத்தி பனியன் துணியை ஆல்ட்டர் செய்ய என்னிடம் கொண்டு வருகிறவர்களை ஒரு தடவை துவைத்துவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன். சுருங்குவது சுருங்கட்டும், அப்புறம் வெட்டலாம். பெரிசாக இருக்கிற சட்டையைப் பக்கத்தில் பிடிப்பது சுலபம். தோள் இறங்கியிருந்தால் கையையே கழற்றி ஏற்ற வேண்டும், அந்தக் கூலிக்கு இன்னொரு சட்டை வந்துவிடும். தோள் சரியாக இருக்கிறதை மட்டும் எடுங்கள்.

அளவு தவறிப்போனதைப் பீரோவில் அடுக்கி வைக்க வேண்டாம். என் கடை வாசலில் ஒரு பழைய மரப்பெட்டி வைத்திருக்கிறேன். பொருந்தாததைத் துவைத்து மடித்து அதில் போட்டுவிட்டு, உங்களுக்குப் பொருந்துகிற ஒன்றை எடுத்துக்கொண்டு போகலாம், காசு கிடையாது. இப்போது அதில் 116 சைஸ் மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று கிடக்கிறது. உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டேன், பூச்சு எங்கேயும் உரியவில்லை. ஜூன் தொடக்கத்தில் பள்ளிக்கூடம் திறக்கும், கூடவே மழையும் வரும். வீட்டில் ஆறு வயசுக் குழந்தை இருந்தால் அதற்கு முன்னால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.